டல்லாஸில் தேடினால் கிடைக்காத கேஸ்

கேள்வி: வணக்கம் மேடம். நாங்கள் டெக்சஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். என் வேலை மூலமாக இருவருக்கும் கிரீன் கார்டு விண்ணப்பித்திருக்கிறோம். என் கணவர் 2014 கடைசியில் யூ.டி. டல்லாஸில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தபோது, ரிச்சர்ட்சனில் ஒரு கடையில் சுமார் 80 டாலர் பொருளுக்குப் பில் போடாமல் வெளியே வந்ததாகப் போலீஸ் பிடித்தது. ஒரு ராத்திரி லாக்கப். அப்புறம் வக்கீல் வைத்து, ஃபைன் கட்டி, ஆறு மாதம் ஒரு அதிகாரியிடம் போய் வந்து, ஏதோ வகுப்பும் முடித்து, கேஸ் டிஸ்மிஸ் ஆகிவிட்டது. அந்த வக்கீல் இப்போது தொழிலில் இல்லை. எங்கள் கையில் ஒரு பேப்பரும் இல்லை. இப்போது குடியேற்றத் துறை, சான்றிட்ட கோர்ட் ஆவணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. டல்லாஸ் கவுண்டி தளத்தில் தேடினால் அவர் பெயரே வரவில்லை. அழிந்துவிட்டதா? ஆனால் ஒரு தனியார் தளத்தில் மட்டும் கைது விவரம் வருகிறது, பணம் கட்டினால் எடுத்துவிடுகிறோம் என்கிறார்கள். ஒரு நண்பர், முதலில் ரெக்கார்டை அழிக்க மனு போடுங்கள் என்கிறார். இன்னொருவர் கவுண்டி ஜட்ஜுக்கு லெட்டர் எழுதச் சொல்கிறார். மாமனார், மாமியாருக்கு இந்த விஷயம் தெரியாது. யார் வேண்டுமானாலும் இதைப் பார்க்க முடியுமா? என்ன செய்வது?
- ஃபிரிஸ்கோ வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நண்பர்கள் இருவர் சொன்னதையும் ஓரமாக வையுங்கள். ரெக்கார்டை அழிக்கும் பேச்சு இப்போது வேண்டவே வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன். கேஸ் அழிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் வேறு கவுண்டியில் தேடியிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

டெக்சஸில் 254 கவுண்டிகள், நம்மூர் மாவட்டங்கள் மாதிரி. எந்த ஊரில் சம்பவம் நடந்தது என்பதை வைத்துக் கேஸ் எங்கே போகும் என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஊர் இரண்டு, மூன்று கவுண்டிகளில் பரவிக் கிடக்கும். ரிச்சர்ட்சன் அப்படிப்பட்ட ஊர்: தெற்குப் பாதி டல்லாஸ் கவுண்டி, வடக்குப் பக்கம் காலின் கவுண்டி. யூ.டி. டல்லாஸ் வளாகமே இரண்டு கவுண்டிக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரில் டல்லாஸ் இருப்பதால் எல்லாரும் டல்லாஸ் கவுண்டியில் தேடுகிறார்கள். நீங்கள் இப்போது குடியிருக்கும் ஃபிரிஸ்கோவும் காலின், டென்டன் என்று இரண்டில் இருக்கிறது. ஆகவே அந்தக் கடையின் முகவரியை எடுத்து, அது எந்தக் கவுண்டி என்று பாருங்கள். கடை மூடிப் போயிருந்தாலும் முகவரி போதும். கைது செய்தது ரிச்சர்ட்சன் நகரப் போலீஸாக இருந்தாலும், வழக்குத் தொடர்ந்தது அந்த இடம் இருக்கிற கவுண்டியின் மாவட்ட அட்டர்னி அலுவலகம்தான். கடை வடக்குப் பக்கம் இருந்திருந்தால் கேஸ் மெக்கின்னியில் இருக்கும். காலின் கவுண்டியின் தலைநகரம் அது.

கவுண்டி தெரிந்த பிறகு எந்தக் கோர்ட் என்ற கேள்வி. இங்கே பொருளின் விலையும் தேதியும் ரொம்ப முக்கியம். டெக்சஸில் 2015 செப்டம்பர் 1க்கு முன்னால், 50 டாலருக்குக் குறைவான திருட்டு கிளாஸ் சி, அதாவது சிறு குற்றங்களில் கடைசிப் படி. 50லிருந்து 500 டாலருக்குள் இருந்தால் கிளாஸ் பி. அதன் பிறகு அந்த எல்லைகளை உயர்த்திவிட்டார்கள். இன்றைக்கு 100 டாலருக்குக் கீழே இருந்தால் கிளாஸ் சி, வெறும் அபராதக் கேஸ். உங்கள் கணவர் விஷயத்தில் அதே 80 டாலர், ஓராண்டு கழித்து நடந்திருந்தால் சிறைத் தண்டனைக்கே இடமில்லாத கேஸாகப் போயிருக்கும். 2014ல் நடந்ததால் கிளாஸ் பி. அதிகபட்சம் 180 நாள் ஜெயில், 2,000 டாலர் அபராதம்.

கிளாஸ் சி என்றால் நகராட்சி நீதிமன்றத்திலோ, ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் என்ற அமைதி நீதிபதியிடமோ முடிந்துவிடும். பல நகராட்சிக் கோர்ட்டுகளின் கேஸ் கவுண்டியின் தேடலில் வரவே வராது. அந்த நகராட்சிக் கிளார்க்கிடம்தான் கேட்க வேண்டும். கிளாஸ் பி, அதற்கும் மேலான கிளாஸ் ஏ என்றால் கவுண்டி கோர்ட் அட் லா. டல்லாஸில் இதே வேலையைச் செய்கிற கோர்ட்டுக்குக் கவுண்டி கிரிமினல் கோர்ட் என்று பெயர். அதற்கும் மேலே, ஃபெலனி எனப்படும் பெரிய குற்றங்களும் விவாகரத்தும் நில உரிமை வழக்கும் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்குப் போகும்.

கவுண்டி கோர்ட், டிஸ்ட்ரிக்ட் கோர்ட் என்ற இந்த இரண்டு அடுக்குக்கும் இரண்டு கிளார்க்குகள். டிஸ்ட்ரிக்ட் கிளார்க் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டின் கோப்புகளை வைத்திருப்பார். கவுண்டி கிளார்க் கிளாஸ் ஏ, பி கேஸ்களையும், கூடவே நிலப் பத்திரம், திருமண லைசென்ஸ், உயில் நிரூபிப்பு எல்லாவற்றையும் வைத்திருப்பார். டெக்சஸில் கல்யாணம் செய்தவர்கள் லைசென்ஸ் வாங்க ஏறி இறங்கிய அதே அலுவலகம். உங்கள் கணவரின் கோப்பு இருக்க வேண்டிய இடமும் அதுதான். ஒரு கிளார்க் அலுவலகத்தில் "எங்களிடம் ரெக்கார்டு இல்லை" என்றால், அந்த அலுவலகத்தில் இல்லை என்று மட்டுமே பொருள். அடுத்த கட்டடத்தில் இருக்கலாம்.

கவுண்டி ஜட்ஜுக்கு எழுதச் சொன்ன நண்பரைப் பற்றி இரண்டு வரி. டெக்சஸில் கவுண்டி ஜட்ஜ் என்பவர் பெரிய கவுண்டிகளில் கிட்டத்தட்ட நம்மூர்க் கலெக்டர் மாதிரி, ஆனால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். பட்ஜெட், சாலை, வெள்ள நிவாரணம் இவைதான் அவர் மேசையில் இருக்கும். அவர் தலைமை வகிக்கும் கமிஷனர்ஸ் கோர்ட், பெயரில்தான் கோர்ட், உண்மையில் நிர்வாகக் குழு; அங்கே யாரும் யார் மேலும் வழக்குப் போடுவதில்லை. அவர் வக்கீலாக இருக்க வேண்டும் என்றுகூட மாநில அரசியல் சட்டம் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தை அவருடைய அலுவலகம் மரியாதையாகக் கிளார்க்குக்குத் திருப்பிவிடும், அவ்வளவுதான். நோட்டீஸில் நாள் குறைவாக இருக்கும்போது அதற்கெல்லாம் நேரமில்லை.

இனி தேடுவது. காலின், டல்லாஸ், டென்டன் மூன்றுமே கோர்ட் தேடலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. மாநில அளவில் ரீசர்ச் டெக்சஸ் என்று ஒரு தளம் உண்டு. சிவில் வழக்குகளுக்கு அது நல்லது, கிரிமினலுக்குக் கவுண்டியின் சொந்தத் தளத்துக்கே போங்கள். நம்மவர்கள் கோட்டை விடுவது பெயரில்தான். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் பல பேருக்குக் காலி. விசா அடிக்கும்போது உள்ள ஒரே பெயரைக் கடைசிப் பெயராக வைத்துவிட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று போட்டுவிடுகிறார்கள். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. போலீஸ் பதிவிலும் அப்படியே ஏறிவிடும். எஃப்.என்.யூ.வையே முதல் பெயராகக் கொண்ட கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். சிலருக்கு அப்பா பெயர் கடைசிப் பெயர். சிலருக்கு இன்ஷியல் மட்டும். சிலருக்கு ஒரே பெயர் இரண்டு தடவை. எழுத்துக் கோவையும் மாறும்: 'ழ'வுக்கு ஒருவர் போடும் எழுத்தை இன்னொருவர் போட மாட்டார். அதனால் முழுப் பெயரைத் தட்டி "ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். கடைசிப் பெயர் மட்டும், பிறகு பெயர்களை மாற்றிப் போட்டு, பிறகு முதல் சில எழுத்துகள், பிறகு பிறந்த தேதியோடு என்று தேடுங்கள். 2014ல் அவர் கையில் இருந்த விசாவில், லைசென்ஸில் பெயர் எப்படி இருந்ததோ அதுதான் கணக்கு. இப்போதைய பாஸ்போர்ட் இல்லை.

கேஸ் கிடைத்ததும் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே அதைக் காஸ் நம்பர் என்பார்கள். காலினில் முதல் மூன்று இலக்கம் எந்தக் கோர்ட் என்பதையும் கடைசி நான்கு இலக்கம் ஆண்டையும் காட்டும். டல்லாஸில் எம், எஃப் என்று எழுத்து முன்னால் நிற்கும். எம் சிறு குற்றம், எஃப் ஃபெலனி. எண் கையில் இருந்தால் கிளார்க்குக்கு ஐந்து நிமிட வேலை. இணையத்தில் தெரியும் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து குடியேற்றத் துறைக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. அது நடந்த தேதிகளின் பட்டியல். அவர்கள் கேட்பது கிளார்க் முத்திரையிட்டு, "இது எங்கள் கோப்பில் உள்ள ஆவணத்தின் உண்மை நகல்" என்று கையெழுத்திட்ட பிரதி.

கவுன்ட்டரில் என்ன கேட்க வேண்டும்? "டிஸ்போசிஷன் கொடுங்கள்" என்றால் கேஸ் எப்படி முடிந்தது என்று சொல்லும் ஒரே ஒரு தாள் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "இந்தக் காஸ் நம்பரின் முழுக் கோப்பும், சான்றிட்டு, இரண்டு செட்" என்று கேளுங்கள். குற்றச்சாட்டு ஆவணம் வேண்டும்; கிளாஸ் பி கேஸில் அதற்கு இன்ஃபர்மேஷன் என்று பெயர், கூடவே கம்ப்ளெயின்ட் இருக்கும். ஒப்புக்கொண்ட தாள் இருந்தால் அது வேண்டும். நீதிபதியின் உத்தரவு, அதன் நிபந்தனைகள், கடைசியில் விடுவித்துத் தள்ளுபடி செய்த உத்தரவு. கவுண்டி கிளார்க் கட்டணத்தை மாநிலச் சட்டமே வகுத்திருக்கிறது: பக்கத்துக்கு ஒரு டாலர், சான்றுக்குத் தனியாக ஐந்து டாலர். மெக்கின்னியாக இருந்தால் புளூம்டேல் ரோட்டில் உள்ள ஸ்டைன்டம் கோர்ட் கட்டடத்துக்குக் கணவரே அடையாள அட்டையோடு நேரில் போவது நல்லது. தபாலிலும் வாங்கலாம், ஆனால் விட்டுப்போன தாளைக் கவுன்ட்டரில் நின்றால்தான் அங்கேயே கேட்க முடியும். ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: "இது எனக்குப் பாதிப்பா?" என்று கிளார்க்கிடம் கேட்டால் பதில் வராது. சட்ட ஆலோசனை சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. முசுடு என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது நான் நீட்டி எழுத நினைத்த இடம். "கேஸ் டிஸ்மிஸ் ஆகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஆறு மாதம் ஒரு அதிகாரியிடம் போய் வந்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். ஒன்று, டிஃபெர்டு அட்ஜுடிகேஷன்: கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டோ, மறுக்கவில்லை என்று சொல்லியோ நிற்பது, நீதிபதி குற்றவாளி என்று தீர்ப்பு எழுதாமல் தள்ளிவைத்து, நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டு, முடித்ததும் தள்ளுபடி செய்வது. இரண்டு, ப்ரீட்ரயல் டைவர்ஷன்: அரசு வக்கீலோடு ஓர் ஒப்பந்தம், நீதிபதி முன்னால் ஒப்புக்கொள்ளாமலே முடித்து வருவது.

டெக்சஸ் சட்டத்தின் பார்வையில் இரண்டிலும் தண்டனைத் தீர்ப்பு கிடையாது. அதனால்தான் அன்றைய வக்கீல் "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்று சொல்லியிருப்பார். ஆனால் 1996லிருந்து மத்தியக் குடியேற்றச் சட்டத்துக்குத் தனி அளவுகோல். ஒப்புக்கொண்ட வாக்குமூலமும், அதற்காக நீதிபதி விதித்த ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ இருந்தால் போதும். மாநிலம் பிறகு தள்ளுபடி செய்தாலும் அது தண்டனைத் தீர்ப்புதான். டிஃபெர்டு அட்ஜுடிகேஷன் பொதுவாக இதில் மாட்டும். டைவர்ஷன் பெரும்பாலும் மாட்டாது, ஆனால் அதிலும் எழுத்தில் என்ன ஒப்புக்கொண்டார் என்று பார்க்க வேண்டும். இரண்டில் எது என்பது உங்கள் கணவரின் ஞாபகத்தில் இருக்காது. பதினோரு மணிக்கு வக்கீல் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டதுதான் ஞாபகம் இருக்கும். கோப்பில் ஒப்புதல் தாள் இருக்கிறதா, உத்தரவின் தலைப்பு என்ன என்று பாருங்கள். கேஸின் தலையெழுத்தே அதில்தான்.

பயந்துவிடாதீர்கள். கிளாஸ் பி என்பது இங்கே கைகொடுக்கும். திருட்டு, நேர்மைக்கு மாறான குற்றம் என்ற வகையில் வரும். கிரீன் கார்டைத் தடுக்கக்கூடிய வகைதான். ஆனால் அதே சட்டத்தில் சிறு குற்றத்துக்கு ஒரு விலக்கு உண்டு: அப்படிப்பட்ட குற்றம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், அதற்கான அதிகபட்சத் தண்டனை ஓராண்டைத் தாண்டக் கூடாது, விதித்த தண்டனை ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. 180 நாள் என்ற உச்சவரம்பு அதற்குள் அடங்குகிறது. அந்த 80 டாலரும் கிளாஸ் பி என்பதும் குற்றச்சாட்டுத் தாளில் எழுதியிருக்கும். அதனால்தான் தீர்ப்புத் தாள் மட்டும் போதாது, குற்றச்சாட்டுத் தாளும் வேண்டும் என்றேன். இந்தக் கோப்போடு ஒரு குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். கோப்பு இல்லாமல் போய்க் கன்சல்டேஷன் ஃபீஸ் கட்டாதீர்கள்; "பேப்பரைக் கொண்டு வாருங்கள்" என்பதைக் கேட்கவா காசு?

இனி, அழிக்கும் யோசனை. டெக்சஸில் எக்ஸ்பங்ஷன் என்ற உத்தரவு கிடைத்தால் கோப்பையே அழித்துவிடுவார்கள். நன்னடத்தைக் கண்காணிப்பில் முடிந்த கிளாஸ் பி கேஸுக்குப் பொதுவாக அது கிடைக்காது. நான்டிஸ்க்ளோஷர் என்ற, பொதுமக்கள் கண்ணிலிருந்து மறைக்கும் உத்தரவுதான் கிடைக்கும். டைவர்ஷனாக இருந்தால் எக்ஸ்பங்ஷனுக்கே வழி இருக்கலாம். ஆபத்து அங்கேதான். கோப்பை அழித்துவிட்டால் கிளார்க்கால் சான்றிட்ட நகல் தர முடியாது. ஆனால் விரல்ரேகை எடுத்தபோதே கைது விவரம் எஃப்.பி.ஐ.க்குப் போயிருக்கும், பல நேரம் கைது மட்டும் இருக்கும், முடிவு இருக்காது. குடியேற்றப் படிவங்கள், அழிக்கப்பட்ட, மறைக்கப்பட்ட கைதையும் சொல்லச் சொல்கின்றன. அதிகாரியின் திரையில் கைது, உங்கள் கையில் வெறுங்கை. அந்த நிலைமையில் வந்தவர்களுக்கு உதவுவது இந்தத் தொழிலில் மிகக் கஷ்டமான வேலை. முதலில் சான்றிட்ட நகல்கள், பிறகு கிரீன் கார்டு முடியட்டும், அதற்குப் பிறகு குடியேற்ற வக்கீலைக் கேட்டுக்கொண்டு மறைப்பு மனு.

தனியார் தளத்துக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். அவர்கள் மொத்தமாக வாங்கிய பழைய தரவைப் போட்டுவைத்திருக்கிறார்கள். இங்கே எடுத்தால் அங்கே முளைக்கும். டெக்சஸில் 2013லிருந்து இந்த வியாபாரத்துக்குத் தனிச் சட்டம் உண்டு. தகவல் தவறு, அரைகுறை என்று நீங்கள் எழுத்தில் ஆட்சேபித்தால் பணம் கேட்காமல் சரிபார்க்க வேண்டும். நான்டிஸ்க்ளோஷர் உத்தரவு வந்த பிறகு அதைக் காட்டினால் எடுத்தே ஆக வேண்டும். தள்ளுபடி உத்தரவின் நகலை இணைத்து இப்போதே ஆட்சேபக் கடிதம் அனுப்பலாம். குடியேற்ற வேலைக்கு இதனால் ஒரு பயனும் இல்லை, மன நிம்மதிக்காகத்தான்.

யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா என்று கேட்டீர்கள். ஆம், பார்க்கலாம். ஏன் கேட்கிறாய் என்று கிளார்க் கேட்கவும் மாட்டார். கோர்ட் ஆவணங்களைப் பார்க்கவும் நகலெடுக்கவும் பொதுமக்களுக்குள்ள உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978லேயே அங்கீகரித்திருக்கிறது. மூடிவைக்கப்படுபவை சில: தத்தெடுப்பு, சிறார் வழக்கு, மனநலச் சிகிச்சைக்கான உத்தரவுகள். திறந்த கோப்பாக இருந்தாலும் சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை மறைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் நகல் வந்ததும் அவை மறைந்திருக்கின்றனவா என்று ஒரு கண் பாருங்கள். இத்தனை சொன்னாலும், உங்கள் மாமனார் கோயம்புத்தூரிலோ தஞ்சாவூரிலோ உட்கார்ந்துகொண்டு காலின் கவுண்டி தளத்தில் மகன் பெயரைத் தட்டப் போவதில்லை. அவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம். அதற்குள் நான் வரவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், இதே கேள்வி அடிக்கடி வருகிறது. நம்மூர்த் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போல டெக்சஸிலும் ஒரு பொதுத் தகவல் சட்டம் உண்டு. அதைச் சொல்லி கோர்ட்டுக்கு மனு அனுப்பினால் செல்லாது. நீதித்துறையை அந்தச் சட்டத்திலிருந்து வெளியே வைத்திருக்கிறார்கள். கோர்ட் கோப்புக்குக் கிளார்க்கிடம் சாதாரணமாகக் கேட்டாலே போதும். அந்தச் சட்டம் உதவுவது போலீஸ் பக்கம். ரிச்சர்ட்சன் போலீஸிடம் கைது அறிக்கை கேட்க அதைப் பயன்படுத்துங்கள். தர மறுப்பதானால் பத்து வேலை நாளுக்குள் அவர்கள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் அனுமதி கேட்டாக வேண்டும்.

இரண்டு கவுண்டியிலும், நகராட்சிக் கோர்ட்டிலும் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், தேடிப் பார்த்தோம், இந்தப் பெயரில், இந்தப் பிறந்த தேதியில் ஆவணம் இல்லை என்று ஒவ்வொரு கிளார்க்கிடமும் சான்றிட்ட கடிதம் வாங்குங்கள். அதையும் குடியேற்றத் துறை ஏற்கிறது. அந்தக் கடிதத்தில் எந்தெந்தப் பெயர் வடிவங்களைத் தேடினார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

நோட்டீஸில் கடைசித் தேதி இருக்கும். அது அனுப்ப வேண்டிய தேதி இல்லை, அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டிய தேதி. கிடைத்ததை இன்று, மீதியை அடுத்த வாரம் என்று துண்டு துண்டாக அனுப்பாதீர்கள். பதில் ஒரே ஒரு முறைதான், பாதியை அனுப்பினால் அந்தப் பாதியை வைத்தே முடிவெடுத்துவிடுவார்கள். அவர்கள் அனுப்பிய மூல நோட்டீஸ் மேலே, அதன் கீழே சான்றிட்ட செட் ஒன்று, கணவரின் விளக்கக் கடிதம் ஒன்று. விளக்கக் கடிதத்தை வக்கீல் படித்துப் பார்க்காமல் அனுப்ப வேண்டாம். இரண்டாவது செட் வீட்டு லாக்கரில் இருக்கட்டும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது இதே தாள்களை மறுபடி கேட்பார்கள்.